ஏரிக்கு வந்த கொள்ளிடத்து வாளை

நான் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தபோது உலகம் முழுக்க யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஏலாக்குறிச்சிக்கும் விக்கிரமங்கலத்துக்கும் இடையில், வண்டிப் பாதையை விட்டு உள்ளே தள்ளிய ஊர். மேலத்தெருவில் நாங்கள் கிறிஸ்தவர்கள், கீழத்தெருவில் மற்றவர்கள். இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஒரு ஏரி. வேறு எதில் சண்டை வந்தாலும் ஏரித் தண்ணீர் விஷயத்தில் அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை. மீனில்தான் வந்தது.

என் மாமனார் மாதா கோயில் பள்ளிக்கூடத்தின் தலைமை வாத்தியார். நான் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்காரர் திருச்சியில் ரயில்வே வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஆகவே வாரம் முழுக்க மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான் ஒருத்தி. அத்தை பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். ஆனால் மாமா பாடம் நடத்துகிற குரலில் எதையாவது ஆரம்பித்தால், அவர் முடிப்பதற்குள் அத்தை அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். கல்யாணமான புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

சோற்றுக்கே பஞ்சமான காலம் அது. குளம் குட்டைகளில் மீன் வளருங்கள் என்று சர்க்கார் சொன்னது. மாமா மனுமேல் மனுவாகப் போட்டு, கடைசியில் மீன் இலாகா இன்ஸ்பெக்டரே அரியலூர் ஸ்டேஷனில் இறங்கிப் பானை பானையாக மீன்குஞ்சுகளோடு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தார். குஞ்சுகள் மூச்சு முட்டாமல் இருக்க வழியெல்லாம் பானைத் தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே வந்தார்களாம். இன்ஸ்பெக்டர் சுத்த சைவம். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "இது கட்லா. நல்லா வளரும்" என்றார். ஊர்க்காரர்கள் காதில் அது 'கட்டளை' என்று விழுந்தது. பத்துக் கட்டளை மனப்பாடமான ஊர், வேறு எப்படி விழும்? அன்று முதல் அது கட்டளை மீன்தான்.

வரும் கோடையைத் தாண்டி, அதற்கடுத்த கோடையில் ஏரி வற்றும்போதுதான் மீன் பிடிக்க வேண்டும், அதுவரை ஒருவரும் தூண்டில்கூடப் போடக்கூடாது என்று மாமா தண்டோரா போடச் சொன்னார். கீழத்தெரு நாட்டாமையும் சரி என்றார். நாட்டாமை நல்ல ஆகிருதி, நல்ல நாக்கு. பேசுவதற்கும் தின்பதற்கும்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் ஒரு காலை நான் படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு தாய் வாத்து குஞ்சுகளோடு போனது. கடைசிக் குஞ்சுக்குக் கீழே தண்ணீர் லேசாகச் சுழித்தது. அகலமான ஒரு வாய் திறந்தது, மூடியது. குஞ்சு இல்லை. தாய் வாத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"மீசை இருந்துச்சா?" என்று கேட்டார் மாமா.

"இருந்துச்சு மாமா. நீளமா, ரெண்டு."

"வாளை!" என்று அவர் எழுந்து நின்றுவிட்டார். "நம்ம ஏரிக்கு வாளை எப்படி வரும்? ஆத்துத் தண்ணி ஒரு சொட்டுகூட இதுல கலக்காதே!"

அத்தை முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

தை மாதம் கோயிலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் ஊர்க்கூட்டம். வாளையைக் கொல்ல வேண்டும் என்பது மாமா கட்சி. விடவேண்டும் என்பது நாட்டாமை கட்சி.

"அது வெளியூர் மீன். நம்ம கட்லாவை எல்லாம் தின்னு தீத்துரும்" என்றார் மாமா.

"வாத்தியாரே, உங்க கட்டளை மீன் மட்டும் நம்ம ஊரா?" என்றார் நாட்டாமை. "அது ரயிலேறி வந்துச்சு. வாளையாவது பக்கத்து ஆறு, தாயா புள்ளையா பழகின மீனு. இன்னொண்ணு சொல்றேன், யோசிச்சுப் பாருங்க. ஏரியெல்லாம் செதறிக் கெடக்குற பொடிமீனை நாம ஒண்ணொண்ணாத் தேடிப் புடிக்கணும். வாளை அதையெல்லாம் தானே தின்னு ஒரே ஒடம்புல சேத்து வைக்கிது. நாம அது ஒண்ணைப் புடிச்சாப் போதும். வேலை மிச்சமா இல்லையா?"

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நீர்நாய் ஒரு ஜோடி கொண்டுவந்து விட்டால் அது வாளையைப் பார்த்துக்கொள்ளும் என்றார் ஒருவர். அப்புறம் நீர்நாயை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

மாமாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "அதெல்லாம் அப்பறம். மொதல்ல இதை எந்தக் கழுதை ஏரியில கொண்டாந்து வுட்டுச்சுன்னு தெரியணும்! இப்ப தெரியணும் எனக்கு!"

பெண்கள் நாங்கள் கோயில் மதிலோரம் நின்றிருந்தோம். என் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க."

அத்தை.

எல்லாத் தலையும் மதிலோரம் திரும்பியது.

"போன வருசத்துக்கு மொத வருசம் தவக்காலத்துல என் தம்பி திருமழபாடியிலேருந்து வந்தான்ல. கொள்ளிடத்துல புடிச்ச வாளை ரெண்டு, பானையில உசுரோட கொண்டாந்தான். நீங்க தியானத்துக்குன்னு திருச்சி போயிட்டீங்க. மருமவளும் அப்ப வரல. ஒத்தைப் பொம்பள ரெண்டையும் தின்ன முடியுமா? ஒண்ணைக் கொழம்பு வச்சேன். மத்ததை நீங்க வந்தப்பறம் புடிச்சுக்கலாம்னு ஏரியில வுட்டேன்."

"ஏரியில வுட்டுட்டு எப்படிடி புடிப்பே?"

"வுட்டப்பறம்தான் அது எனக்கே தோணுச்சு" என்றார் அத்தை. அதோடு விடவும் இல்லை. "வெளியூர் வெளியூர்னு சொல்றீங்களே, நானும் திருமழபாடிப் பக்கத்துலேருந்து வந்தவதான். என் மருமவளும் வெளியூருதான். எல்லாரையும் வெரட்டிருவீங்களா?"

ஊரே சிரித்த சிரிப்பில் கூட்டம் கலைந்துவிட்டது. மாமா அன்று இரண்டு வேளை என்னிடம் மட்டும்தான் பேசினார்.

ஆனாலும் அவர் விடவில்லை. பனங்கட்டையில் கயிறு கட்டி, பெரிய தூண்டில் முள்ளில் கோழிக் குடலை மாட்டி ஏரியில் மிதக்கவிட்டார். மறுநாள் காலையில் முள்ளில் மாட்டியிருந்தது நாட்டாமை வீட்டு வாத்து. "வாளை தின்னது குஞ்சை. வாத்தியாரு கொன்னது தாயை" என்று கீழத்தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஏரியில் கட்லா துள்ளுவது குறைந்துகொண்டே வந்தது. அப்படியென்றால் வாளைமேல் ஊருக்குக் கோபம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. நாட்டாமை கட்சிதான் வளர்ந்தது. மேலத்தெரு ஆட்களே ஒவ்வொருவராக மாமாவிடம் வந்து, "பாவம் சார், வாயில்லா சீவன், இருந்துட்டுப் போவுது" என்றார்கள். வாயில்லா ஜீவன்! அந்த வாயை நான் பார்த்திருக்கிறேன்.

காரணம் என் வகுப்பில்தான் தெரிந்தது. தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம். 'மீ' எழுத்தைப் பலகையில் எழுதி, "இந்த எழுத்துல ஆரம்பிக்கிறது என்ன?" என்று கேட்டேன்.

"மீனு டீச்சர்!"

"மீனை எங்க பாத்திருக்கீங்க?"

ஏரியில் என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். "சட்டியில!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. "எங்க வூட்ல நேத்து கட்டளை மீன் கொழம்பு டீச்சர்!" "எங்க வூட்ல வறுத்தாங்க!" "எங்க சித்தப்பா வூட்ல தலை மட்டும் இம்மாம் பெருசு டீச்சர்!" அடுத்த அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மாமாவின் குரல் நின்றது. நடுவில் தடுப்பாக இருந்தது வெறும் தென்னங்கீற்றுத் தட்டி.

வெள்ளிக்கிழமை கறி தின்னக்கூடாது, மீன் தின்னலாம். மேலத்தெருவுக்கு அது காரணம். கீழத்தெருவுக்குக் காரணமே வேண்டியிருக்கவில்லை. ஏரியில் எவ்வளவு குறைந்தாலும் பழியை ஏற்றுக்கொள்ள வாளை இருந்தது.

வீட்டுக்கு வந்து மாமா குதித்தார். "எல்லாரையும் கூப்புட்டுக் கேக்கப் போறேன்!"

"எல்லாரையும் கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் அத்தை. "திருடினது எல்லாம் இவங்க. வாளை தின்னுச்சு வாளை தின்னுச்சுன்னு அது தலையில போடுறாங்க. வாளை இல்லைன்னு ஆயிட்டா வலையைச் சுருட்டி வச்சுருவாங்க." சட்டியில் இருந்த கருவாட்டுக் குழம்பைக் கரண்டியால் கிளறிக் காட்டினார். "ஊரே கட்டளை மீன் திங்குது. நம்ம வூட்ல மட்டும்தான் கருவாடு. நானும் எத்தனை நாளைக்குங்க பொறுத்துக்குவேன்?"

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தையின் தம்பி கொள்ளிடத்திலிருந்து மறுபடியும் ஒரு வாளை கொண்டுவந்தார். இந்தத் தடவை உயிரில்லாதது. நல்ல நீளம். அத்தை புளி கரைத்து, மாங்காய் நறுக்கிப் போட்டு வைத்த குழம்பு வாசனை பள்ளிக்கூடம் வரை வந்தது. மீசையோடு தலையை ஒரு பித்தளைத் தூக்கில் வைத்து, குழம்பு ஊற்றி, என் கையில் கொடுத்தார்.

"நாட்டாமை வூட்டுல குடுத்துட்டு வா. வாளைக் கொழம்புன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லாத."

நாட்டாமை சாப்பிட உட்காரும் நேரம். நான் தூக்கை வைத்தேன்.

"என்னம்மா இது?"

"வாளைக் கொழம்புங்க. அத்தை குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

அவர் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த தலையையும் மீசையையும் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"செத்துப்போச்சா?"

"கொழம்புல கெடக்குதுங்களே ஐயா."

"அடப்பாவிகளா, ஒரு வார்த்த சொல்லலியே" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். நான் வாசலைத் தாண்டும்போது, "ருசியான மீனுதான், பாவம்" என்று சொல்வது கேட்டது.

"பொய் சொல்ல வச்சிட்டியா புள்ளைய?" என்று மாமா கேட்டார்.

"என்ன பொய்? வாளைக் கொழம்புன்னு சொன்னா. அது வாளைதானே?"

இது பாவமா இல்லையா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டுவிடலாமா என மாமா ரொம்ப நேரம் யோசித்தார். சாமியார் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிருந்ததால் கேட்கவில்லை.

ஏரி வாளை செத்துவிட்டது என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த வாரம் வகுப்பில், "நேத்து என்ன கொழம்பு?" என்று கேட்டேன். "கத்திரிக்கா" என்று சோர்வாகச் சொன்னார்கள். ஏரியில் மறுபடியும் மீன் துள்ள ஆரம்பித்தது.

இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் முடிந்து, சித்திரைக் கடைசியில் ஏரி முழங்கால் தண்ணீருக்கு வற்றியது. மீன் பிடிக்க நாள் குறித்தார்கள். இன்ஸ்பெக்டரும் கைக்குட்டையோடு வந்து கரையில் குடை பிடித்து நின்றார். ஊரே ஊத்தாவோடு இறங்கியது. ஊத்தா என்றால் மூங்கில் சிம்பால் பின்னிய அடியில்லாத கூடை. சேற்றில் கவிழ்த்து அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனைத் துழாவி எடுக்க வேண்டும். கட்லா நன்றாகவே கிடைத்தது. மாமா ஒவ்வொன்றையும் தன் மாணவர்கள் பாஸானது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடு ஏரியில் நாட்டாமை ஊத்தாவைக் கவிழ்த்துக் கையை விட்டார். உடனே அலறினார்.

"ஐயோ! புடிச்சிருச்சு! புடிச்சிருச்சு!"

"எதை நாட்டாமை?"

"என் கையை!"

தண்ணீர் கொந்தளித்தது. ஊத்தா சாய்ந்ததும் மீசையோடு ஒரு தலை வெளியே வந்தது.

"வுட்டுருங்க நாட்டாமை!" என்று கத்தினார் மாமா. "வாளையை வுட்டுரணும்னு சொன்னவரு நீங்கதானே!"

"நான் வுட்டுட்டேன்யா! அதுதான் என்னை வுட மாட்டேங்குது!"

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் வாளையின் செவுளில் விரலைக் கொடுத்து இழுத்தார். மூன்று பேருமாகச் சேற்றில் விழுந்தார்கள், வாளையையும் சேர்த்து. எழுந்தபோது யார் எந்தக் கட்சி என்று அடையாளம் தெரியவில்லை. வாளையைக் கரைக்குக் கொண்டுவர இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

கையில் துணி சுற்றிக்கொண்டு நாட்டாமை நேராக அத்தையிடம் வந்தார்.

"ஏம்மா, நான் அன்னிக்குத் தின்னது என்ன?"

"வாளை."

"அப்ப இது?"

"இதுவும் வாளைதாங்க." அத்தை முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "பாஸ்கு முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆவலியே. உயிர்த்தெழுந்திருக்கும்."

நாட்டாமை அத்தையைப் பார்த்தார். கரையில் குவிந்து கிடந்த கட்லாவைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்று முகம் சொன்னது. அதை வாய்விட்டுச் சொன்னால் தன் வீட்டுச் சட்டிக் கதையும் வெளியே வரும். அதனால் சிரித்தார். முதலில் மெல்ல, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மாமாவும் சிரித்தார். என்ன விஷயம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு ஊரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வாளையை அங்கேயே அறுத்தார்கள். வயிற்றில் தவளைகளும் ஒரு குறவை மீனும் ஒரு சின்னக் கட்லாவும் இருந்தன. கட்லாவைக் காட்டி மாமா பேச வாயெடுத்தார். தவளையைக் காட்டி நாட்டாமை வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிக்கொண்டு ஏரிப்பக்கம் திரும்பிவிட்டார்.

"இதைப் புடிச்சாலும் இன்னொண்ணை யாராவது கொண்டாந்து விடத்தான் போறாங்க" என்றார் அவர். "இருந்துட்டுப் போகட்டும். மதகுப் பக்கத்துல ஒரு குட்டை வெட்டுங்க. குஞ்சை மொதல்ல அதுல வளருங்க. கையளவு பெருசானதுக்கு அப்புறம் ஏரியில விட்டா வாளையால எல்லாத்தையும் முழுங்க முடியாது. வாளையும் இருக்கும், கட்லாவும் இருக்கும்."

இத்தனை நாள் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று மாமா வியந்தார். "அவரு மீன் திங்கிறதில்லை. அதான் நெதானமா யோசிக்கிறாரு" என்றார் அத்தை.

அந்த வைகாசியில் இரண்டு தெருவும் சேர்ந்து குட்டை வெட்டியது. மழைக்கு அப்புறம் அரியலூரிலிருந்து மறுபடியும் பானைகள் வந்தன. குஞ்சுகளைக் குட்டையில் விட்டுவிட்டு மாமாவும் நாட்டாமையும் கரையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மதகுச் சுவரிலிருந்து நீலமாக ஏதோ ஒன்று 'விர்'ரென்று பாய்ந்து, தண்ணீரைத் தொட்டு, அலகில் ஒரு குஞ்சோடு எதிர்க்கரை வேலமரத்தில் போய் உட்கார்ந்தது.

"மீன்கொத்தி!" என்றார் மாமா.

"பாவம், வாயில்லா சீவன்" என்று ஆரம்பித்தார் நாட்டாமை.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "வா புள்ள, வூட்டுக்குப் போவோம். பூவரச மரத்தடியில மறுபடியும் கூட்டம் போடப் போறாங்க."