மச்சான் பேரில் ஒரு பிராது

ஆடு கத்தியதால் என் கார் கிடைத்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆனால் அந்தக் கதையில் நான் தலைகுனிந்த இடம் வேறு. அதை இன்றுவரை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் எனக்கு வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். என் கோபத்தை மட்டும் நான் ஒருநாளும் அளந்ததில்லை.

அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்து வாசலில் வண்டி விட இடமில்லை. மனைவியின் தம்பி ஓடிவந்தான். கடலூரிலேயே கார் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன். "நீங்க உள்ள போங்க மாமா, நான் வுட்டுட்டு வரேன்" என்று காரை எடுத்துப்போய்ப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். சாப்பிட்டுத் தாம்பூலப் பையோடு போய்ப் பார்த்தால், கார் நின்ற இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது.

போலீசில் எழுதிக்கொடுத்தோம். இன்சூரன்ஸ்காரர்கள், "ரெண்டு சாவியும் வேணும் சார், ஒண்ணு கொறஞ்சாலும் கிளெய்ம் நின்னுடும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து பீரோவுக்குப் பின்னால் அடித்த ஆணியைப் பார்த்தேன். இரண்டாவது சாவி எப்போதும் அங்கேதான் தொங்கும். ஆணி மட்டும்தான் இருந்தது.

அந்த ஆணியைத் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், மனைவி, மச்சான். மூன்று வாரம் முன்னால் சர்வீசுக்குக் காரை எடுத்துப்போனவன் அவன். "இத எனக்கே குடுத்துடுங்க மாமா, நீங்க புதுசு எடுங்க" என்று நாலு தடவையாவது கேட்டிருப்பான். நானும் நாலு தடவை மறுத்திருக்கிறேன். நிறுத்தியவனும் அவன், இடம் தெரிந்தவனும் அவன். என் மனசில் விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

மனைவியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. தம்பி என்றால் அவளுக்கு உயிர். போலீசில் அவன் பேரைச் சொல்லவும் தைரியமில்லை. அதனால் எங்கள் பக்கத்து ஜனங்கள் கடைசியாகச் செய்வதை நான் முதலிலேயே செய்தேன். யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி விருத்தாசலம் போய், அங்கிருந்து பிராது கட்டுகிற முருகன் கோவிலுக்குப் போனேன்.

அங்கே சாமிக்கு மனு எழுதிக்கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் எழுதுவது போலவேதான்: இன்ன ஊர், இன்னார், என்னுடைய இன்ன பொருள் போனது, நியாயம் வேண்டும். கட்டணத்தோடு படிப்பணமும் உண்டு. சாமி எதிராளியின் ஊர்வரை போய்வர வேண்டுமே, அதற்காகக் கிலோமீட்டர் கணக்கில். ரசீதும் மனுவின் நகலும் தருவார்கள். மனுவை மடித்து நூலால் வேலில் கட்டிவிட்டால் மூன்று மாதத்துக்குள் சாமி பார்த்துக்கொள்ளும். விஷயம் முடிந்ததும் நாமே போய் ராஜினாமா எழுதிப் பிராதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் அது எதிராளியை விடாது என்பது பேச்சு.

நான் அழகாக எழுதினேன். வண்டி நம்பர், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் போட்டேன். கோவில் குமாஸ்தா பார்த்துவிட்டு, "எடுத்தவங்க பேரு தெரியலன்னா எழுத வேணாம் சார். 'யாரோ'ன்னு போட்டாலே போதும், அவருக்குத் தெரியும்" என்றார். நல்ல மனுஷர். நான்தான் பேனாவைத் திரும்ப வாங்கி, மச்சானின் பேரையும் தெருவையும் தெளிவாக எழுதினேன்.

பிராது கட்டிய ஒன்பதாவது நாள் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து போலீஸ் கூப்பிட்டது. ஆடு திருடுகிறவர்கள் என் காரின் பின் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஊர் ஊராக ஆடு அள்ளியிருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் ரோட்டோரம் நிறுத்தி டீ குடிக்கும்போது உள்ளே இருந்த கிடா கத்தியிருக்கிறது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஆடு ஏன் கத்துகிறது என்று ஒரு அம்மா எட்டிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், ஊரே கூடிவிட்டது. ஓடப் பார்த்தவர்கள் காரைப் புளியமரத்தில் கொண்டுபோய் விட்டு மாட்டிக்கொண்டார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்பதே நாள்! வேலில் கட்டிய காகிதம் போய் ஒரு கிடாவின் வாயைத் திறந்துவிட்டது என்றுதான் தோன்றியது. இயற்பியல் கூடத்துக்காரன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அன்று எனக்கு அப்படித்தான் தோன்றியது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. சாமி என் மனுவில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். மச்சானுக்கும் அந்த ஆட்டுக்காரர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரை இழுத்துக் கிளப்பியிருக்கிறார்கள். சாவியே தேவைப்படவில்லை.

திட்டக்குடிக்கு மச்சான்தான் என்னை பைக்கில் கூட்டிப்போனான். முன்பக்கம் நசுங்கி, விளக்கு உடைந்து, இடது கதவு உள்வாங்கி, உள்ளே புழுக்கையும் மூத்திர நாற்றமுமாக நின்றது கார். என் கண் கலங்கிவிட்டது. அவன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல மாமா. மத்தது தகரம்தான், தட்டி எடுத்துரலாம்" என்றான். வைத்தியர் நாடி பார்த்துச் சொன்னது போல எனக்கு மூச்சு வந்தது.

கார் வழக்குச் சொத்து. கோர்ட்டில் மனுப் போட்டு, ஒருவர் ஜாமீன் நின்றால்தான் வெளியே வரும். வக்கீல் காகிதங்களைக் கேட்டார். நான் பாலித்தீன் பையில் திணித்து வைத்திருந்த கட்டை அப்படியே மச்சானிடம் நீட்டி, ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னேன். எதிரில்தான் கடை. அவன் வர அரைமணி நேரம் ஆனது. முகம் கறுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"ஜாமீன் யாரு?" என்று வக்கீல் கேட்டார். மச்சான் சட்டைப் பையிலிருந்து தன் வீட்டு வரி ரசீதை எடுத்து வைத்தான். "நான்தான் சார். மாமா எனக்கு அக்கா வூட்டுக்காரரு." காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். திரும்பி வரும்போது வழக்கமாகப் பேசுகிற அளவுக்குப் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் நஷ்டஈட்டுப் படலம். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் எதற்கெடுத்தாலும், "இது பழைய டேமேஜ்" என்றார். மச்சான் ஒர்க் ஷாப்பில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து மல்லுக்கு நின்றான். கதவு இடுக்கில் ஒட்டியிருந்த புளியமரப் பட்டையை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். "பழைய அடின்னா பட்ட இவ்ளோ பச்சையா இருக்குமா சார்?" அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததை அவன் ஒரு மரப்பட்டையில் செய்து காட்டினான்.

ஆனாலும் இரண்டாவது சாவி இல்லாமல் ஃபைல் நகராது என்றார் சர்வேயர். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் அது என் தடித்த அகராதிக்குள் இருந்தது, சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு நான்தான் அதைப் படத்தின் முன்னால் வைத்தேன். மறுநாள் புத்தகங்களை அலமாரியில் ஏற்றியவனும் நானேதான். "கையில வெண்ணெய வெச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சீங்களா?" என்று மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அப்போதே போய் ராஜினாமா கட்டியிருக்க வேண்டும். போகவில்லை. அந்த குமாஸ்தாவின் முகத்தில் எப்படி விழிப்பது? கார் கிடைத்ததும் பிராது தானாகவே தீர்ந்துபோயிருக்கும் என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது மனைவி கல்லூரிக்குப் போன் செய்தாள். ஜாக்கி நழுவி மச்சானின் வலதுகை நசுங்கிவிட்டது. மூன்று விரலில் தையல். "உங்க கார் வேலதான் பாத்துட்டு இருந்தானாம்" என்று அழுதாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு வேலில் இன்னும் கட்டியே இருந்த காகிதம்தான் கண்ணில் நின்றது. ஆஸ்பத்திரியில் அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் விருத்தாசலம் போனேன்.

அதே குமாஸ்தா. "ரசீது இருக்கா சார்? நம்பர் இருந்தாதான் எடுக்க முடியும்." கோவில் மரத்தடியில் உட்கார்ந்து பாலித்தீன் பையைக் கொட்டித் தேடினேன். காற்றில் காகிதங்கள் பறந்தன. அந்த நேரம் பார்த்து மச்சானிடமிருந்து போன்.

"எங்க மாமா இருக்கீங்க? அக்கா தேடுது."

"விருத்தாசலத்துல. ஒரு வேல."

"ரசீத கட்டுல கடைசியா வெச்சிருக்கேன் பாருங்க. பதினோராம் நம்பரு" என்றான்.

எடுத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் எடுக்கப் போன அன்று எல்லாத் தாளிலும் மூலையில் நீல மையால் நம்பர் போட்டு வரிசைப்படுத்தியிருக்கிறான். நான் இத்தனை நாளும் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. ஒன்று ஆர்.சி. புத்தகம். இரண்டு இன்சூரன்ஸ். பத்தாவது, அவனுடைய வீட்டு வரி ரசீதின் நகல். பதினொன்று, அவன்தான் என் காரைத் திருடினான் என்று நான் சாமிக்கு எழுதிய மனுவின் நகல், ரசீதோடு சேர்த்துக் குத்தப்பட்டு. இதைப் படித்துவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டி வந்து எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"படிச்சியா மச்சான்?" என்றேன்.

"படிச்சேன்."

"அப்பவே ஏன்டா கேக்கல?"

"இன்னாத்த மாமா கேக்கறது? அன்னிக்கி வண்டிய பாத்து அழுதுட்டு நின்னீங்க. அக்காவுக்குத் தெரிய வேணாம். கட்டிட்டு சாப்புட்டு வாங்க."

ராஜினாமாவில் காரணம் எழுதச் சொன்னார் குமாஸ்தா. எஞ்சின் நம்பர்வரை எழுதிய நான், இப்போது 'அவன் எடுக்கவில்லை' என்று மட்டும் எழுதினேன். படித்துப் பார்த்து, "போதும் சார்" என்றார். நான் காகிதத்தைத் திரும்ப வாங்கி, மச்சானின் பேருக்குக் கீழே, சாவியைத் தொலைத்தவன் என்று என் பேரை எழுதி, எனக்காக ஜாமீன் நின்றவன் மச்சான்தான் என்றும் சேர்த்துக் கொடுத்தேன்.