தோள் முடிச்சு

என் அம்மா சேலையைத் தோளில் முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவாள். ரவிக்கை கிடையாது. எங்கள் மலையில் அவள் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். காட்டு வேலைக்கும் அதே முடிச்சு, கோயில் ஆட்டத்துக்கும் அதே முடிச்சு. எவ்வளவு குதித்து ஆடினாலும் நழுவாது.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் ஆடுவதைப் பார்க்க, சிவப்புக் கரை போட்ட புதுச் சேலையில் வந்தாள். அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டீச்சர் அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"பெரியவங்க எல்லாம் வர்ற எடம். ஊட்டுக்குப் போயி ஒழுங்கா சேலை கட்டிக்கிட்டு வாங்க."

ஆடுவதற்காகப் பக்கத்தில் வரிசையில் நின்றிருந்த எனக்கு அது காதில் விழுந்தது. அம்மா திரும்பி நடந்தாள். சாகும்வரை அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அவள் வரவில்லை. அன்று பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடக்க நான் முயன்றதும் இல்லை.

போன கோடையில் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் ஒரு விழா. எங்கள் ஊர்ப் பெண்களை ஆடக் கூப்பிட்டார்கள். பழைய தோள் முடிச்சோடுதான் வர வேண்டுமாம். சிறப்பு விருந்தினர் அதே டீச்சர். ரிட்டையராகி, பட்டுச் சேலையில் பளபளவென்று இருந்தார். மலைப் பெண்களின் உடையும் ஆட்டமும் நம்முடைய சொத்து என்று மைக்கில் உருகினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பேசி முடித்ததும் போட்டோவுக்காக, ஆடக் கைகோத்து நின்ற எங்கள் வட்டத்துக்குள் வந்து என் கையைக் கோத்துக்கொண்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. எங்கள் ஆட்டத்தில் பாட்டு முடியும்வரை யாரும் கையை விடக்கூடாது. பாட்டை முதலில் எடுத்துக் கொடுக்கிறவள்தான் அதை முடிக்கவும் வேண்டும். அன்று எடுத்துக் கொடுத்தது நான்.

நான் முடிக்கவில்லை. பாட்டில் அடிக்கு மேல் அடி சேர்த்தேன், வேகத்தையும் கூட்டினேன்.

"போதும் கண்ணு, மூச்சு வாங்குது," என்றார்.

காதில் விழாதது போலப் பாடினேன். ஊக்கு தெறித்துப் பட்டு முந்தானை சரிந்தபோதுதான் நிறுத்தினேன். முந்தானையை எடுத்து, அம்மா போடும் முடிச்சை அவர் தோளில் இறுக்கிப் போட்டேன். சுற்றிலும் எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பரிசு கொடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். டீச்சர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை.

"பெரியவங்க எல்லாம் இருக்கறாங்க கண்ணு. இதக் கொஞ்சம் அவுத்து உடு."

"ஊட்டுக்குப் போயி ஒழுங்கா சேலை கட்டிக்கிட்டு வாங்க டீச்சர்," என்றேன்.

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவிழ்த்துவிடவில்லை. அந்த முடிச்சோடுதான் மேடை ஏறினார்.