வெறும் டம்ளரில் காப்பி

முதலில் கழுத்து வலிக்கிறது என்றாள். விளையாடப் போன இடத்தில் விழுந்திருப்பாள், அடிக்குப் பயந்து மறைக்கிறாள் என்றுதான் சந்தேகப்பட்டேன். சாயங்காலத்துக்குள் உடம்பு அனலாய்க் கொதித்து வலிப்பு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. என் மகள் கோமதிக்கு அப்போது நான்கு வயது. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து கார் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். என்செபாலிடிஸ் (மூளைக்காய்ச்சல்) என்றார்கள்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. லம்பார் பங்சர் (முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டும் என்றதும், பிள்ளைக்குக் கால் விளங்காமல் போய்விடும் என்று கையெழுத்துப் போட மறுத்தேன். நூல் ஆலையில் வேலை பார்க்கும் என் கணவர்தான் போட்டார். மாத்திரையின் நிறம் மாறினால்கூட நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். இதைப் படிக்கும் பெற்றோருக்கும் இப்படிச் சந்தேகம் தோன்றினால் வெட்கப்பட வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் இறங்கியது. உயிர் மிஞ்சியது, பேச்சு போய்விட்டது. மாதங்கள் கழித்து “ம்மா”, “தண்ணி” என்று ஒற்றைச் சொற்கள் வந்தன. அதற்கு மேல் வரவில்லை. இவளுக்குப் புத்தி திரும்புமா என்பது மட்டும்தான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

குழந்தைகள் டாக்டரம்மா, பிள்ளையோடு பொய்ச்சமையல் விளையாடச் சொன்னார். கொட்டாங்கச்சியில் மண் சோறு, வெறும் டம்ளரில் காப்பி. மருந்து எழுதத் தெரியாமல் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“வெறும் டம்ளர்தான்னும் அவளுக்குத் தெரியணும், காப்பி இருக்குன்னும் நினைக்கணும். அந்த ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுனா மூளை தேறும். பேச்சும் பின்னாலயே வரும்” என்றார்.

அரைமனதாக விளையாடினேன். ஒரு நாள் கோமதி தானாகவே வெறும் டம்ளரை உறிஞ்சி, உதட்டைக் குவித்து ஊதி, “சூடு” என்றாள். என் கணவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ சந்தேகம். காய்ச்சல் மூளையைக் கலக்கியதில், இல்லாதது இருப்பதாகவே தெரிகிறதோ? விளையாட்டா பிசகா என்று வெளியில் நின்று எப்படிச் சொல்வது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர் கேலி செய்தார்.

பிள்ளை பிழைத்தால் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் போடுவதாக அவர் நேர்ந்திருந்தார். மாலை போட்டு விரதமிருந்து, வேஷத்தோடு வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மன் கோவிலில் சேர்க்க வேண்டும். அவர் எடுத்தது போலீஸ் வேஷம். பிள்ளை பயந்துவிடுவாள், வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லியிருந்தேன். முதல் காணிக்கை நம் வீட்டில்தான் என்று ஒட்டுமீசையும் லத்தியுமாக வாசலில் வந்து நின்றார்.

“ஏட்டி, இங்கன திருடுனது யாருட்டி?” என்று அதட்டினார்.

கோமதி சிரிக்கவில்லை. அப்பா என்று ஓடவுமில்லை. அவரையே வெறித்துப் பார்த்தாள். பெற்ற தகப்பனையே தெரியவில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் அடுப்படிக்குப் போய் வெறும் டம்ளரை எடுத்துவந்து நீட்டினாள்.

“ஏட்டையா, காப்பி குடிங்க.”

பிறகு என் சேலையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதில் சொன்னாள்.

“அது அப்பாதாம்மா. பொய்க்கு ஏட்டையா. பயப்படாத.”

காய்ச்சலுக்குப் பிறகு அவள் கோத்துப் பேசிய முதல் பேச்சு அது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். டம்ளரை அண்ணாந்து குடித்துவிட்டு, “சீனி பத்தல” என்றார். கண்ணீரில் நனைந்து மீசை ஒரு பக்கம் தொங்கியது.

அடுத்த வருஷம் கோமதி பள்ளிக்கூடம் போனாள். கணக்கு மட்டும் மெதுவாகத்தான் ஏறியது. இத்தனை வருஷம் கழித்தும் என் சந்தேகம் இன்னும் குணமாகவில்லை. அவள் தும்மினால் என்னைக் கேட்காமலே என் கை அவள் நெற்றிக்குப் போய்விடுகிறது. நாள்காட்டியில் எத்தனை தாளைக் கிழித்தாலும் எனக்குக் காலம் இரண்டுதான்: காய்ச்சலுக்கு முன், காய்ச்சலுக்குப் பின்.

அவர் போலீஸ் வேஷத்தில் வந்த அன்றைக்கு அவள் இல்லாத சீனியைப் போட்டு ஆற்றி, எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். சுடும் என்று விளிம்பைப் பிடித்துத்தான் வாங்கினேன்.