அக்கா கை பட்டதும் விழுந்த கம்ப்யூட்டர்

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம் நடந்தது இது. இடம், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டர். இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பிச்சாட்டூர் பக்கம், ஆந்திராவில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வரதய்யபாளையம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் ஊரில் பாதிப் பேர் வேன் ஏறி வேலைக்குப் போனார்கள். அக்காவின் கணவர் ஏசி மெக்கானிக்காகக் குவைத்துக்குப் போனார். நான் பெங்களூருக்குப் போனேன். லேப்டாப்பில் வைஃபையை இயக்குவதற்கென்று டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் உள்ளேயே இருக்கும். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்கிற வேலை எனக்கு. அக்கா பிளஸ் டூ மாதிரியான இண்டர் முடித்து, கம்ப்யூட்டர் கிளாஸ் போய், அந்த ஸ்கேன் சென்டர் கவுன்டரில் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் வெயில் படாமல் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

நான் லீவில் வந்த அன்று எங்கள் நிலத்தில் வேர்க்கடலை விதைப்பு. முதல் பிடி விதையை எப்போதும் அக்காதான் எடுத்துக் கொடுப்பாள். அவள் கைராசிக்குத்தான் காய் பிடிக்கிறது என்று அப்பா, எங்களுக்கு நைனா, ஊரெல்லாம் சொல்லுவார். அன்று அவர் கூடையை நீட்டினால், இவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என் கை வேணா நைனா. தங்கச்சிய எடுக்கச் சொல்லு" என்றாள்.

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். வரப்பு ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டதும் அழுதுவிட்டாள்.

"நா ஒக்காந்தா கம்ப்யூட்டர் படுத்துக்குதுடி. மத்தவங்க கையில நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது. ஓனரு எல்லார் எதிர்லயும், 'நீ செய்யி மஞ்சிதி காதம்மா'ன்னு சொல்லிட்டாரு. இந்த மாசத்தோட நின்னுக்கோன்றாரு. நா இன்னாடி பண்ணேன்?"

உன் கை நல்ல கை இல்லை. தெலுங்கில் சொன்னால் மட்டும் அது இனிக்குமா? வேலை போவது ஒரு பக்கம். இவள் அதை நம்பவே ஆரம்பித்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவள் கூடவே போனேன். மத்தியானம் மற்ற பெண்கள் எல்லாரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். தினமும் அந்த நேரத்தில் கவுன்டரில் அக்கா மட்டும்தான். வயிற்று ஸ்கேனுக்காகத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடக்கவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் பெஞ்சில் நெளிந்துகொண்டிருக்கிறார்கள் பெண்கள். அக்கா ஒருத்தியின் விவரத்தைப் பாதி அடித்திருப்பாள், திரை நீலமாகி கம்ப்யூட்டர் விழுந்தது, அதாவது அப்படியே நின்றுபோனது. எழுப்பினாள். மறுபடியும் விழுந்தது. பெஞ்சிலிருந்து கத்தல். ஓனர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். வந்து பார்க்கக்கூட இல்லை.

நான் என் போனில் பக்கத்தில் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று பார்த்தேன். முதல் பெயரே தெலுங்கு எழுத்தில் நீளமாக ஒரு சாமி பெயர். கடைசி எழுத்து பாதியில் அறுந்து வெறும் கட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது.

விசாரித்தால், அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மெஸ்ஸுடையது. மெஸ்காரர் நகரிக்காரர், எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர். மத்தியானச் சாப்பாடு தொடங்குவதற்கு முன்னால் கல்லாவுக்குக் கற்பூரம் காட்டி, குங்குமம் வைத்த வைஃபை பெட்டிக்கும் காட்டி, பிறகுதான் அதைப் போடுவார். பந்தி முடிந்ததும் அணைத்துவிடுவார். சாப்பிட வருகிறவர் போனில் முதலில் சாமி பெயர் தெரியவேண்டும், அதுவும் அந்த ஊர்த் தெலுங்கு எழுத்தில் தெரியவேண்டும் என்று அவருக்கு ஆசை.

விஷயம் இதுதான். வைஃபை பெயருக்கு முப்பத்திரண்டு இடம்தான் உண்டு. முப்பத்திரண்டு சீட் உள்ள பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு சீட் போதும். தெலுங்குக்கும் தமிழுக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று சீட், கால் கொம்பு போட்டால் அதற்கும் தனியாக மூன்று. நீளமான சாமி பெயர் பஸ்ஸை நிரப்பிவிடும், மிச்சம் அறுந்துபோகும். அந்தக் கவுன்டர் லேப்டாப்பின் டிரைவரை எழுதிய புண்ணியவான், பெயர் முடிந்தது என்று காட்ட இன்னொரு குறியை அதன் பின்னால் ஏற்றுகிறான். சீட் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அது பக்கத்து இடத்தில் போய் உட்காருகிறது. அங்கே வேறு முக்கியமான விவரம் இருந்தால் அது அழிந்து, கம்ப்யூட்டர் விழுகிறது. சில நேரம் தப்பிக்கும், சில நேரம் விழும். அந்த வைஃபையில் நாம் சேரக்கூட வேண்டாம், பக்கத்தில் இருந்தாலே போதும். மெஸ் வைஃபை ஓடுகிற மத்தியானத்தில் கவுன்டரில் இருப்பவள் அக்கா மட்டும், அதனால் பழி அவள் கைக்கு.

மறுநாள் காலையில், மெஸ் திறப்பதற்கு முன்னால், ஓனரையே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னேன். அக்கா சுவர் ஓரமாக நின்றாள். என் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு அதே சாமி பெயரைக் கடைசி இடம் வரை நிரப்பி வைத்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஓனர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். திரை நீலமானது. அவர் எழுப்பினார், மறுபடி விழுந்தது.

அந்த மனிதர் தன் கையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"ஈ மிஷினே மஞ்சிதி காது" என்றார்.

அக்கா கையில் விழுந்தால் அக்கா கை சரியில்லை. அவர் கையில் விழுந்தால் மிஷின் சரியில்லை! அத்தனை பேர் எதிரில் சொன்னவர் ஒரு மன்னிப்பு கேட்டாரா? கிடையாது. "உங்க அக்கா இருந்துக்கட்டும்" என்று பிச்சை போடுவது போலச் சொல்லிவிட்டு, மெஸ்காரரைப் பெயர் மாற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்.

மெஸ்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "எங்க சாமி பேர நா வச்சிக்கினேன். ஒங்க மிஷினுக்கு இன்னாத்துக்கு நோவுது?" என்றார்.

நியாயமான கேள்வி. நான் கடைக்குப் போய் நெட் ஒயர் வாங்கி வந்து, அந்த லேப்டாப்பில் வைஃபையை அணைத்து, ஒயரில் இணைத்தேன். அன்று மத்தியானம் மெஸ்ஸில் கற்பூரம் காட்டினார்கள், இங்கே கம்ப்யூட்டர் விழவில்லை.

அந்த டிரைவரைச் செய்த கம்பெனிக்கும் எழுதினேன். இன்றைக்கு விழுவதோடு போகிறது, நாளைக்கு விவரம் தெரிந்த திருடன் தெருவில் நின்றபடியே இப்படிப்பட்ட ஓட்டை வழியாக உள்ளே வரலாம், நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று எழுதினேன். மிக அரிதாக நடப்பது, பெயரை இங்கிலீஷில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. யாருக்கு ஐயா அரிது? தெருவுக்குத் தெரு சாமி பெயர் எழுதுகிற ஊரில் இது தினமும் மத்தியானம் நடக்கிறது! இடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த வரியை எழுதாதவன் எங்கேயோ ஏசியில் உட்கார்ந்திருந்தான். கெட்ட பெயர் எங்கள் அக்காவுக்கு.

பல மாதம் கழித்துச் சத்தமில்லாமல் திருத்திவிட்டார்கள். லேப்டாப் நல்லபடியாகிவிட்டது. ஆனால் அடுத்த ஆடியில் நைனா கூடையை நீட்டியபோது அக்கா கை மறுபடியும் முந்தானைக்குள் போனது. "மிஷின் தப்புதான்க்கா, நீயே பாத்தியே" என்றேன். "தெரியும்டி. ஆனா இன்னாத்துக்கு வம்பு, நீயே எடு" என்றாள்.

இப்போதும் எந்த டிரைவர் சோதனைக்கு வந்தாலும் முதலில் அந்தச் சாமி பெயரைத் தெலுங்கில் அடித்துப் பார்க்கிறேன். மீட்டிங்கில் யாராவது "இது அரிதாக நடப்பது" என்று ஆரம்பித்தால், நிலத்தில் நின்று தன் கையைத் தானே மறைத்துக்கொண்ட அக்கா கண்ணுக்குள் வருகிறாள். டிரைவரை வெளியே விடலாம் என்ற கையெழுத்தைப் போடாமல் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.