பூசையில் வைத்த ஸ்பேனர்

எங்கள் வண்டிக்கு அழுக்குதான் காவல் என்பது அந்த ஆயுத பூசையன்றுதான் எனக்குத் தெரிந்தது. பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, ஏழெட்டுக் கை மாறி என் வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்த பிக்கப் அது. குரங்கணியிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைப் போடிக்கு இறக்குவதுதான் அதன் பிழைப்பு, எங்கள் பிழைப்பும். என்ஜினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி, மண்ணும் எண்ணெயும் சேர்ந்து விரல் தடிமனுக்குக் கெட்டிப்பட்டிருக்கும். பூசைக்கு வண்டி பளிச்சென்று இருக்க வேண்டாமா? முதல் நாள் முழுக்க அடியில் படுத்துக் கிடந்து அதைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். கட்டின பெண்டாட்டிக்கு அப்படி ஒரு உபசாரம் ஒரு நாளும் நடந்ததில்லை.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். பூசை முடிந்து பொரியைக் கொடுத்தபோது விழுங்க முடியாமல் துப்பினாள். வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம். தொண்டை அடைப்பான், மேலே எஸ்டேட்டில் முந்தின மாதம் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோன நோய். போடி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி உண்டு, போகாவிட்டால் பிள்ளை இல்லை.

"ஏங்க, வண்டிய எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் ஓடினார். சந்தனப் பொட்டு வைத்த வண்டிக்குக் கீழே முறம் அகலத்துக்கு எண்ணெய் கறுப்பாகத் தேங்கிக் கிடந்தது. ராத்திரியெல்லாம் சொட்டியிருக்கிறது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில்கூட ஒட்டவில்லை.

"எண்ணெய்த் தொட்டி பேக்கிங்கு கிழிஞ்சு கெடக்கு. அந்த மண்ணுதான் இத்தன நாளும் அடச்சுக்கிட்டு இருந்திருக்கு. இப்படியே எடுத்தா ரெண்டு மைல்ல என்ஜின் இறுகிப்போகும்" என்றார்.

"அப்ப வெரசா சரி பண்ணுங்க."

அவர் வீட்டுக்குள் பார்த்தார். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை செய்யாமல் எங்களில் தொடுவதில்லை. அரிவாள்மனையைக்கூடத் தொடமாட்டோம். முதல் நாளே நறுக்கி வைத்த காய்தான் அன்றைக்குக் குழம்பு.

மாமியார் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார். "புள்ளைக்கு முடியாதப்ப சாமி குத்தத்தையும் சேக்கணுமா? வெளிய ஆருகிட்டயாச்சும் வாங்கிட்டு வாப்பா."

எங்கே வாங்க? ஊரில் இருந்த ஒரே ஜீப்பு காலையிலேயே போடிக்கு இறங்கிவிட்டது. மாட்டு வண்டியில் போனால் போய்ச் சேர இருட்டிவிடும். என் வீட்டுக்காரர் வீடு வீடாக ஓடினார். எல்லா வீட்டிலும் இரும்பு சாமிக்கு முன்னால்தான் இருந்தது. இங்கே நான் மாமியாரிடம் கெஞ்சினேன், காலில் விழுந்தேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஒரு ராத்திரி பொறு ஆத்தா, விடிஞ்சதும் எடுத்துக்கலாம்" என்று அவரும் அழுதுகொண்டேதான் சொன்னார். பேத்திமேல் உயிராக இருந்தவர். என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பியபோது மகளின் உதடு நீலம் பாரித்திருந்தது.

பிள்ளையை மாமியார் மடியில் கிடத்திவிட்டு உள்ளே போனேன். ஸ்பேனர்களை அள்ளிக்கொண்டு வந்தேன்.

"இந்தாங்க. குத்தம் என் தலையில இருக்கட்டும்."

அவர் வண்டிக்கு அடியில் புகுந்து, கிழிந்த பக்கத்து போல்ட்டுகளை மட்டும் கழற்றினார். அந்த இடத்துக்கு வைக்க என்ன இருக்கிறது? அவருடைய தோல் செருப்பை எடுத்து அரிவாள்மனையில் வார் வாராக அறுத்தேன். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? தோலைத் திணித்து, சோப்புக் கட்டியைப் பிசைந்து இடுக்கில் அப்பி, மறுபடி முடுக்கினார். ஒரு போல்ட்டைப் புழுதியில் தவறவிட்டார். அதைத் தேடி எடுப்பதற்குள் நான் அவரை ஏசாத ஏச்சில்லை. வீட்டிலிருந்த ஒரு டின் எண்ணெயையும் ஊற்றிக் கிளப்பினோம். சொட்டு நின்றிருந்தது.

வழியெல்லாம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். போடியில் இறங்கியபோதும் மூச்சு இருந்தது. ஊசி போட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

"ஒரு மணி நேரம் முன்னால கொண்டுவந்திருக்கக் கூடாதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

பூசையில் வைத்த இரும்பை நான் தொட்டதால்தான் பிள்ளை போனாள் என்று மாமியார் சாகும்வரை சொன்னார். எதிர்த்து ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. பத்தடி தூரத்தில் ஸ்பேனர் கிடக்க, அதை எடுக்காமல் ஒரு மணி நேரம் அவரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நின்றவள் நான்தானே.