நாரிநோவுக்குப் பிணை

எங்கள் வீட்டில் நல்ல கதிரைகள் இருக்கின்றன. இருந்தும் சில மாதங்களாக நான் ஒரு பந்தின் மேல் இருந்துதான் சோறு தின்கிறேன். பகிடி இல்லை. நீல நிறத்தில், காற்றடித்தால் முழங்காலுக்கு மேலே நிற்கும் பெரிய றப்பர்ப் பந்து. டென்மார்க்கில் நாரிநோவுக்கு, அதாவது இடுப்புநோவுக்கு, இதுதான் வைத்தியம். பிசியோ அறையில் நின்ற வெள்ளைக்காரப் பெட்டை அதைக் கையில் தந்து, இதில் இருந்தால் உங்கள் தசைகள் தாமாகவே படித்துக்கொள்ளும் என்றாள். என்ன படிக்கும், எத்தனையாம் வகுப்பில் படிக்கும் என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு டேனிஷ் வராது. சாப்பிடும்போது யன்னல் சீலையை இழுத்து மூடிவிடுகிறேன். எதிர்த் தொடர்மாடியில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். நாற்பது வயதுப் பொம்பிளை பந்தில் இருந்து துள்ளுகிறாள் என்று ஒரு கதை வெளிக்கிட்டால் அது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்த்தான் நிற்கும்.

ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல இந்தக் குளிருக்குள் வந்து மாட்டிக்கொண்டவர்களும் சிரிக்கிறதென்றால் சிரித்துவிட்டு வாசியுங்கள். எனக்கு அந்தப் பந்தில் நம்பிக்கை இல்லை. மறுமொழி தெரியாத டொக்டர், அழுகிற பிள்ளைக்குக் கிலுக்கட்டி கொடுப்பதுபோல எனக்குப் பந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஸ்கான் எடுத்த அன்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் முதுகு நல்ல வடிவான முதுகு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப ஏன் நோகுது?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் கேட்டேன். அவர் இன்னும் பெரிதாகச் சிரித்து "திலூக்க" என்றார். வாழ்த்துகள் என்று அர்த்தம். பிள்ளை பிறந்தவளுக்கும் சோதினை பாஸ் பண்ணியவளுக்கும் சொல்வதை எனக்குச் சொன்னார். ஸ்கானில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு நல்ல செய்தி. எனக்கு அப்படி இல்லை. ஒன்றும் இல்லை என்ற சொல் ஒரு மனிசியை என்ன பாடுபடுத்தும் என்று அறிய அவர் வன்னியில் இருந்து பார்த்திருக்கவேண்டும்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நானும் கிளாலிக் கடலைத் தாண்டினேன். முதலில் கிளிநொச்சி. அங்கேயும் இருக்க விடாமல் ஷெல் துரத்த, ஸ்கந்தபுரத்தில் போய் ஒதுங்கினேன். தாய் தகப்பன் இல்லை, பிள்ளை இல்லை. கலியாணம் முடித்த கையோடு இவர் டென்மார்க்குக்கு வந்துவிட்டார். எனக்குக் கொட்டில் போட இடம் தந்தவர் லெட்சுமி அக்கா. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து, காடு வெட்டிக் காணியாக்கிய மனிசி. புருஷன் செத்துப்போனார். ஒரே மகளை வவுனியாவில் கட்டிக் கொடுத்துவிட்டு, கச்சானும் மிளகாயும் போட்டுச் சீவித்துக்கொண்டிருந்தார். என்னிடம் அதிகம் கதைக்கமாட்டார். காலையில் வேலிக்கு மேலால் ஒரு சிரட்டை சம்பல் நீட்டுவார், அவ்வளவுதான்.

ஒருநாள் நான் கிணற்றடியில் குடத்தைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அன்று தொடங்கிய நோ. ஆசுப்பத்திரியில் வெள்ளைக் குளிசை தந்தார்கள். பரியாரியார் ஒருவர் எண்ணெய் தந்தார், அதன் மணத்துக்கு நாய்கூடக் கொட்டிலுக்குள் வராது. நோ மட்டும் போகவில்லை. அந்த நாளில் வன்னியில் நாரிநோ கொஞ்சம் பெயர் கெட்ட வருத்தம். காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாம், காயம் என்றால் கண்ணுக்குத் தெரியும். நாரிக்குச் சாட்சி அவரவர் வாய்தான். பங்கர் வெட்ட வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்றால் போக விருப்பமில்லாதவருக்கு உடனே நாரி பிடிக்கும். வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போக ஆசைப்பட்டவருக்கும் நாரிதான் பிடிக்கும். எனக்கு மனுசனும் வெளிநாட்டில், நாரியும் நோகிறது என்றால் சனம் சும்மா விடுமா? கிணற்றடியில் என் காது கேட்கவே ஒருத்தி சொன்னாள்: "அவவின்ர நாரி டென்மார்க்கிலை போய்த்தான் சுகப்படும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் வெட்கம் கெட்டுச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்று பழகினேன். நோகாத நேரத்திலும் நொண்டுவேன். கொஞ்சம் சுகமாக இருக்கிற நாளில் நிமிர்ந்து நடந்தால் அதைக் கண்டவர், பார்த்தீர்களா, எல்லாம் சாட்டு என்று சொல்லிவிடுவார். உண்மையான வருத்தத்துக்கு நான் பொய்யாக நடிக்கவேண்டி இருந்தது. எண்ணெய்ச் சீலையை நாரியில் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் படலையைத் தாண்டுவேன். எவர் என்னை உற்றுப் பார்த்தாலும் அவர் என் முகத்தைப் பார்க்கிறாரா, நாரியைப் பார்க்கிறாரா என்று யோசிப்பேன். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை.

விடவில்லை என்கிறேன், ஆனால் விடக்கூடாத இடத்தில் விட்டுவிட்டேன். இங்கே வயோதிபர் மடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தேன். நோ கூடியதால் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டேன். வருத்தக்காரர் வேலைக்குப் போகவேண்டுமா இல்லையா என்று முடிவெடுப்பது கொமூன், அதாவது நகரசபைக் கந்தோர். அங்கே என் அலுவலைப் பார்ப்பவள் கீர்ஸ்டன் என்ற பெண். என்னுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அறிய வீட்டுக்கு வரப்போவதாகச் சொன்னாள். வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? வீட்டுக்கு வருகிற ஆளுக்கு வெறுந்தேத்தண்ணி கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வராது. விடியவே எழும்பி ரோல்ஸ் சுற்றினேன், வடை சுட்டேன், ரவை கிளறிக் கேசரி செய்தேன். ஒவ்வொன்று முடியவும் குசினி நிலத்தில் நீட்டிப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி அடுத்ததைத் தொடங்கினேன். கீர்ஸ்டன் வந்தாள், ரசித்துச் சாப்பிட்டாள். "இதெல்லாம் நீங்களா செய்தீர்கள்?" என்று கேட்டாள். "ஓம், ஓம், எல்லாம் நானே" என்றேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்றாள். விடியப்புறம் தொடங்கியது என்று பெருமையோடு சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டி எழுதினாள். ரோல்ஸ் செய்முறையை எழுதுகிறாள் என்று நான் நினைத்தேன்!

அவள் போனபிறகு இவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். "விசரி, நாள் முழுக்க நிண்டு வேலை செய்ய ஏலும் எண்டு நீயே வாக்குமூலம் குடுத்திட்டாய்."

"அதுக்கு, வந்த மனிசியைப் பட்டினி போடுறதோ?"

"உனக்கு உண்மையாத்தான் நோகுதோ?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது பழைய கேள்வி.

அந்தக் கேள்வியை என்னிடம் முகத்துக்கு நேரே முதலில் கேட்டவர் வன்னியில் பாஸ் கந்தோரில் இருந்தவர். குளிசையும் எண்ணெயும் பலிக்காமல் கொழும்புக்குப் போய் ஸ்கான் எடுக்கும்படி ஆசுப்பத்திரியில் துண்டு தந்தார்கள். துண்டு மட்டும் போதாது. வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும், பாசுக்குப் பிணை வேண்டும். போனவள் திரும்பாவிட்டால் பிணை நின்றவருக்குப் பிறகு பாஸ் கிடையாது. சொந்தம் என்று சொல்லிக்கொண்டவர்கள் என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பினார்கள். நான் கேட்காமலே லெட்சுமி அக்கா வந்தார். "நான் நிக்கிறேன் புள்ள. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். வவுனியாவில் அவருடைய மகள் தலைப்பிள்ளைத்தாச்சி. பேறுகாலத்துக்கு அவர் போயாகவேண்டும். நான் வராவிட்டால் அவர் போகமுடியாது. "யோசிச்சுச் செய்யுங்கோ அக்கா" என்றேன். "யோசிச்சாச்சு" என்றார்.

கந்தோரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, உண்மையா வருத்தமோ, இல்லாட்டி டென்மார்க்கோ?"

நான் வாய் திறக்க முன்னம் லெட்சுமி அக்கா முன்னுக்கு வந்தார். "அந்தப் புள்ள வந்துரும். நான் பொறுப்பு."

இந்தப் பரந்த வன்னியில் என் நோவை நம்ப ஒரு சீவன் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் அந்தப் பயணத்தைப் போய் முடித்தேன். புளியங்குளத்தில் சண்டை, கண்டி றோட்டு இல்லை. காட்டுப் பாதையால் உழவு இயந்திரப் பெட்டியில் போகும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வந்தது. ஆமிப் பக்கத்துச் சோதனையில் நின்ற பொம்பிளை என் நாரிச் சீலையை அவிழ்த்து, உதறி, மணந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினாள். ஒளித்து வைக்க அதற்குள் என்ன இருக்கிறது, நோவைத் தவிர? வவுனியாவில் இன்னொரு பாஸ், இன்னொரு விசாரணை. கொழும்பில் ஸ்கான் படத்தைப் பார்த்த டொக்டர், "ஒண்டும் இல்லை அம்மா, சந்தோசமாப் போங்கோ" என்றார்.

அங்கிருந்து இவருக்கு ரெலிபோன் எடுத்தேன். "நல்லதாப் போச்சு, இனித் திரும்பிப் போகாதை. நான் இஞ்ச அலுவல் பாக்கிறன்" என்றார்.

"லெட்சுமி அக்கா பிணை நிக்கிறா."

"அவ என்ன உன்ர கூடப்பிறந்ததோ?"

"அவ என்னை நம்பினவா" என்றேன். அவர் ரெலிபோனை வைத்துவிட்டார்.

திரும்பிப் போனேன். கந்தோரில் இருந்தவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இதிலை ஒண்டும் இல்லையே அக்கா" என்றார். இல்லைத்தான், எண்டாலும் நோகுது என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லெட்சுமி அக்கா மிளகாய்த் தோட்டத்தில் நின்றார். என்னைக் கண்டதும் சந்தோசப்படுவார் என்று நினைத்துத்தான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, பேயைக் கண்டவர் மாதிரி நின்றார்.

"என்னா புள்ள, வந்துட்ட?"

"வருவன் எண்டு சொன்னனான்தானே அக்கா."

"சொன்ன. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீ போயிருவன்னுதான் நான் கையெழுத்துப் போட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப, நாரிநோ?"

"அது சும்மா சொல்றன்னு நெனச்சேன். புருஷங்கிட்டப் போறவளுக்கு எதையாவது சொல்லித்தானே போகணும்? அதுல என்னா தப்பு?"

"அப்ப மகளின்ர பேறுகாலம்?"

"அவளுக்கு மாமியாக்காரி இருக்கா. ஒனக்கு யாரு இருக்கா?"

அவ்வளவு கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. கிணற்றடியில் சிரித்தவளில்கூட வரவில்லை. இந்த மனிசிக்காக அல்லவா நான் அந்தப் பெட்டியில் அடிபட்டுத் திரும்பி வந்தேன்! என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பொய்க்காரிக்காகத் தன் மகளிடம் போகிற வழியை அடைக்கத் துணிந்திருக்கிறார். திட்டுவதா, காலில் விழுவதா? மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் இருந்து ஓவென்று அழுதேன். "நாரி நோகுதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சரி, சரி" என்றார். நம்பிச் சொன்னாரோ, சமாதானத்துக்குச் சொன்னாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு அவர் மகளிடம் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் இவருடைய ஸ்பொன்சர் சரிவந்து, மனுசனிடம் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லியே நான் வெளிக்கிட்டேன்.

போன கிழமை கீர்ஸ்டன் கந்தோருக்குக் கூப்பிட்டாள். கோப்பி தந்தாள். என் கண்ணைப் பார்த்து, "நான் உங்களை நம்புகிறேன்" என்று ஆறுதலாக, எனக்கு விளங்கும்படி சொன்னாள். இத்தனை வருடத்தில் இந்தச் சொல்லை எனக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவள்தான். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. வந்தது சரிதான். "ஆனால் ஸ்கானில் ஒன்றும் இல்லை. சமையலும் நின்று செய்கிறீர்கள். அதனால் நான் கையொப்பம் வைக்க முடியாது. நீங்கள் வேலைக்குத் திரும்பவேண்டும்" என்றாள். பிறகு மனம் கேட்காமல், "உங்கள் கணவரைத் தவிர, இந்த நோவைத் தொடக்கத்திலிருந்து அறிந்தவர் யாராவது இருக்கிறார்களா? அவர் எழுதித் தந்தால் இன்னொருமுறை பார்க்கலாம்" என்றாள்.

"லெட்சுமி அக்கா" என்றேன், யோசிக்காமலே.

"அவர் எழுதித் தருவாரா?"

"கட்டாயம் தருவா."

"உங்களுக்கு நோகிறது என்று அவர் நம்புகிறாரா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்றேன். கீர்ஸ்டன் பேனையை மேசையில் வைத்துவிட்டாள். நம்பாத ஒருவர் எப்படி எனக்காகக் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டாள். அதைச் சொல்ல என்னிடம் டேனிஷ் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் நான் முழிசியிருப்பேன். அவருடைய ரெலிபோன் நம்பர் என்ன என்றாள். அங்கே இன்னும் சண்டை, ரெலிபோன் இல்லை, பாதையும் இல்லை, யாராவது நேரே போய்த்தான் கேட்கவேண்டும் என்றேன். அவள் முகம் தெளிந்தது. "அப்படியென்றால் நீங்களே ஒருமுறை போய் வரலாமே?" என்றாள், பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறச் சொல்வதுபோல.

போகலாம். வவுனியாவில் பாஸ் எடுத்து, காட்டுப் பாதையால் சுற்றி, ஸ்கந்தபுரத்துக்குப் போய்விடலாம். வெளியே வருவதற்குத்தான் மறுபடி பிணை வேண்டும். லெட்சுமி அக்கா மிளகாய்த் தோட்டத்தில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கந்தோரில் எனக்கு முன்னால் நிற்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆள் திரும்பிடுவா எண்டு சொல்லுறியள், எந்தப் பக்கத்துக்கு, இஞ்சையோ டென்மார்க்குக்கோ என்று அவரிடம் கேட்பார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். "என்னா புள்ள, எந்தப் பக்கம்னு சொல்ல?"