விடாமல் பிடித்த முப்பது நோன்பு

தாதியர் பயிற்சியில் எனக்குப் பரிசு கிடைத்திருக்க வேண்டியது ஒரேயொரு பாடத்துக்குத்தான்: வயிற்றுக்கட்டு. அகலமான துணியை நோயாளியின் அடிவயிற்றில் சுற்றி, சுருக்கமில்லாமல் இழுத்து, ஊசி குத்தி நிறுத்துகிற வேலை அது. மற்றப் பிள்ளைகள் கிழமைக்கு ஒரு நாள் வகுப்பில் ஒருத்தியை ஒருத்தி படுக்கவைத்துப் பழகினார்கள். நான் தினமும் விடியக் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு என் வயிற்றிலேயே பழகினேன். ஐந்து மாதப் பிள்ளையை வெள்ளைச் சீருடைக்குள் ஒளித்துவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. கல்முனையில் மிஷன்காரர் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதோடு ஒட்டி ஒரு வகுப்பறை, பின்னால் ஆறு பேர் தங்குகிற விடுதி. எங்கள் வீடு அங்கிருந்து ஒரு மைல்தான். ஆனால் சேரும்போது ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்திருந்தேன். அனுமதியில்லாமல் விடுதியை விட்டுப் போகமாட்டேன் என்பது ஒன்று. பயிற்சி முடியும்வரை கலியாணம் முடிக்கமாட்டேன் என்பது மற்றது.

இரண்டாவதை மீறவில்லை என்றுதான் நான் கனகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்திய மழைக்கால விடுமுறையில் வாப்பா எனக்குக் காவின் எழுதினார். நிக்காஹ் ஓதிப் பதிந்து வைப்பதுதான் காவின். கலியாணம் என்பது பிறகு, பெண்ணுக்கு வீடு கட்டி முடித்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டுச் செய்வது. இரண்டுக்கும் நடுவில் சில பேருக்கு ஒரு வருடமும் ஓடிவிடும். அந்த இடைவெளியில் மாப்பிள்ளை எப்போதாவது தேத்தண்ணி குடிக்க வந்தால் யாரும் படலையைச் சாத்தமாட்டார்கள். என்னுடையவர் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தார். அந்த விடுமுறையில் அவர் நிறையத் தேத்தண்ணி குடித்தார்.

இறுதிப் பரீட்சைக்கு நாள் குறித்திருந்தது. அதில் உட்காராவிட்டால் மூன்று வருடப் படிப்பும் வீண். விசயம் வெளியே வந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும். ஒழுங்காக மூச்சுவிட்டால் பெல்ட் கொளுக்கி தெறித்துவிடும். அதனால் நான் அரை மூச்சில் வாழப் பழகினேன். தும்மல் வந்தால் கலிமாவைச் சொல்லிக்கொண்டு தும்மினேன்.

இந்த நிலைமையில்தான் நோன்பு மாதம் பிறந்தது.

பிள்ளைத்தாய்ச்சி நோன்பை விடலாம். பிறகு பிடித்துக் கொடுத்தால் போதும். ஆனால் பட்டப்பகலில் விடுதிச் சாப்பாட்டு மேசையில் நான் போய்க் குந்தினால் ஏன், எதற்கு என்று கேள்வி வரும். ஆகவே ஒரு நோன்பையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். பசி கிடக்கிறவளைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பங்குனி வெயிலில் வார்டு சுற்றியது, நானும் சுற்றினேன். பத்தாவது நோன்பன்று ஒரு கிழவருக்குக் காய்ச்சல் பார்க்கப் போய், அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் எழும்பி எனக்கு விசிறினார். திருக்கோவில் ஊரில் இருந்து வந்து படித்த என் அறைத்தோழி நான் வரும் சத்தம் கேட்டால் தண்ணீர்க் கோப்பையை முந்தானைக்குள் மறைப்பாள். விடுதியில் இருந்த மற்ற முஸ்லிம் பிள்ளை சாய்ந்தமருதுக்காரி. அவள் நடுவில் ஏழு நாள் நோன்பில்லாமல் இருந்து, என் கண்முன்னாலேயே சோறும் மீன் ஆணமும் சாப்பிட்டாள். அவளைப் பார்த்து, ஈமான் குறைந்தவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

விடுதியில் சமைத்தவர் எங்கள் ஊர் விதவை ஒருவர். நாங்கள் அவரை ராத்தா என்போம். குசினிக் கதவில் ஒரு காட்போட் அட்டையைத் தொங்கவிட்டு, எங்கள் இருவரில் நோன்பு பிடித்தவளுக்கு அன்றன்றைக்குக் கரியால் ஒரு கோடு போடுவார். கோடு விழுந்தால் மத்தியானம் அவளுக்கு அரிசி போடத் தேவையில்லை. மாத முடிவில் அந்த அட்டை, ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் தலைமைத் தாதியான மேற்றனிடம் போகும்.

அந்த வருடம் இருபத்தொன்பதில் பிறை தென்படவில்லை. முப்பதாவது நோன்பன்று பின்னேரம் நான் குசினிக்குப் போனபோது ராத்தா கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"புள்ள, எத்தின மாசம்?"

நோன்பு மாசம்தானே ராத்தா என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

அவர் அகப்பையால் அட்டையைக் காட்டினார். "அவட கோட்டப் பாரு, நடுவுல ஏழு நாள் இல்ல. ஒண்ட கோட்டப் பாரு. முப்பது நோன்பையும் ஒரு பொம்புள உடாமப் புடிக்கிறண்டா, ஒண்டு அவ கிழவியா இரிக்கணும். இல்லாட்டி வகுத்துல புள்ள இரிக்கணும்."

மாதவிலக்கில் நோன்பு இல்லை என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். போதாதற்கு அந்த உடற்கூற்றுப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதலாவது. ஏழு நாள், எல்லோருக்கும் முன்னால், மார்க்கம் தந்த அனுமதியோடு சோறு தின்றிருக்கலாம். அதை விட்டுவிட்டு, பட்டினி கிடந்து, நாளுக்கு ஒரு கோடாக என் இரகசியத்தை நானே கதவில் எழுதிவைத்திருக்கிறேன்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். இருபது நோன்பு தாண்டவே தெரியுமாம். "ஒண்ட கஞ்சிக்குள்ள மட்டும் முட்ட கிடந்திச்சே, அது ஆருக்கெண்டு நெனச்ச நீ?"

என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

நாலைந்து கோட்டை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். நோன்பு பிடித்தவளைப் பிடிக்கவில்லை என்று நோன்போடு பொய் சொல்லத் தன்னால் முடியாது என்றார். மேற்றன் இருபது வருடமாக இந்தக் கரையில் பிள்ளைப்பேறு பார்க்கிறவர். அழித்த இடம்தான் முதலில் அவர் கண்ணில் படும் என்றும் சொன்னார். பிறகு அட்டையைக் கழற்றி என் கையில் தந்தார். "நீயே கொண்டு குடு. அவ கண்டுபுடிக்கிறதுக்குள்ள நீ செல்லிப்போடு."

மேற்றன் வெள்ளைக்காரி. வேதப்புத்தகத்தில் தமிழ் படித்தவர். அட்டையை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு என் பெல்ட்டைப் பார்த்தார்.

"நீர் விவாகமானவளா?"

எனக்கு எந்த இடத்திலும் சிரிக்கவைக்க ஒரு பகிடி வரும். அன்றைக்கு இரண்டு கையாலும் பெல்ட்டை மூடிக்கொண்டேன்.

"ஆம் என்றால் ஒப்பந்தத்தை மீறினீர். இல்லை என்றால் நான் எழுதவேண்டியது அதைவிட மோசம். எதை எழுத?"

காவின் எழுதியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். காவின் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கடதாசி எங்கே என்று கேட்டார். வாப்பாவிடம். வாப்பா எங்கே? இறக்காமத்தில், வயலில், வேளாண்மை வெட்டில்.

"அவர் அதை என் மேசையில் வைக்கும் நாளில் உம்முடைய பெயரை நீக்குவேன்," என்றார். பேனையை மூடினார். "வெட்டு முடிய எத்தனை நாள்?"

பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. நோன்பு வாய், பொய் வரவில்லை. நாலு நாள் என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "வெட்டிய கதிரைச் சூடடிக்க வேண்டாமோ?"

"ஓம் மேற்றன், சூடடிக்கணும்."

"அங்கே யானையும் வரும் என்று கேள்விப்பட்டேன்."

"ஓம் மேற்றன். யானையும் வரும்."

"பெல்ட்டைத் தளர்த்திக்கொள்ளும்," என்று சொல்லி வேறு கடதாசியை எடுத்தார்.

அன்றைக்குக் கஞ்சி குடித்த பிறகு ராத்தா ஆணியைச் சுட்டு என் பெல்ட்டில் ஒரு துளை போட்டுத் தந்தார். ஆனால் விடுதலை வந்துவிடவில்லை. அந்தப் பதினெட்டு நாளும் மேற்றன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தாலே வாப்பா வந்துவிட்டார் என்று ஜன்னலுக்கு ஓடினேன். வயிற்றுக்குள் இருந்தவரும் சேர்ந்து ஓடினார். உம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன்: வாப்பாவை இறக்காமத்திலேயே வைத்திருங்கள், யானை வந்தாலும் வராவிட்டாலும்.

செய்முறைப் பரீட்சையில் எனக்கு வந்தது வயிற்றுக்கட்டு. பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்ப்பதற்குள் முடித்துவிட்டேன். இவ்வளவு விரைவாக எங்கே பழகினாய் என்று கேட்டார். மேற்றன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அடுத்த நாள் வாப்பா காவின் கடதாசியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று மேற்றன் கேட்டார். வாப்பா பொய் சொல்லிப் பழகாதவர். உம்மா சொல்லிக்கொடுத்ததை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "யானை."

மேற்றன் தலையாட்டினார். அடிமட்டத்தை வைத்துச் சிவப்பு மையால் என் பெயருக்குக் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார். நான் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு வார்டுக்குள் போக எனக்குப் பிறகு ஆறு வருடம் எடுத்தது. அன்றைக்குச் சீருடையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பெல்ட்டைக் கழற்றி மேற்றனின் மேசையில் வைத்தேன். வாப்பா பார்த்துவிடக்கூடாது என்று ராத்தா போட்ட துளையை விரலால் மறைத்துக்கொண்டுதான் வைத்தேன்.